சோழமண்டலம் கலைஞர் கிராமமும் அதன் அருங்காட்சியகமும்: கைவினை, கலை, கூட்டுவாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில், சென்னைக் கலை இயக்கத்திற்கான அருங்காட்சியகம் 2009 முதல் இயங்கி வருகிறது. அவ்வியக்கத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும், அவற்றைப் படைத்தோரின் கைவினைத் தொழிலோடும் கூட்டுவாழ்வோடும் இணைத்தே பொருள்கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சோழமண்டலம், கே.சி.எஸ். பணிக்கர், சென்னைக் கலை இயக்கம், பத்திக், அருங்காட்சியகம்.

1. முன்னுரை

கலை அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அரசாலோ செல்வர்களாலோ தொகுக்கப்பட்டவை. படைத்தவர் ஓரிடத்திலும் படைப்பு வேறோரிடத்திலும் இருப்பது அங்கு இயல்பு. சோழமண்டலம் இதற்கு விலக்காக அமைகிறது. கலைஞர்கள் தாமே பொருளீட்டி, நிலம் வாங்கி, வீடு கட்டி வாழ்ந்த இடத்திலேயே அவர்தம் இயக்கத்தின் அருங்காட்சியகமும் அமைந்துள்ளது. எனவே, காட்சிக்கூடத்தின் சுவரில் காணும் படைப்பை அச்சுவருக்கு வெளியே நிகழ்ந்த வாழ்விலிருந்து பிரித்து நோக்குதல் பொருந்தாது.

2. கலைப்பள்ளியும் வாழ்வாதாரமும்

1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி கைத்தொழிற் பயிற்சியில் வேரூன்றியது. 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்றபின் ஓவியமும் சிற்பமும் அங்கு நுண்கலைகளாக வலுப்பெற்றன. அவருக்குப்பின் 1957-இல் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977). கோயம்புத்தூரில் பிறந்த இவர், தந்தித் துறைப் பணியைக் கைவிட்டுக் கலை பயில வந்தவர். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தவர். கலையா, பிழைப்பா என்னும் நெருக்கடி அவர் தம் வாழ்விலேயே கண்டறிந்த ஒன்று.

அவருடைய மாணவர்களும் அதே நெருக்கடியை எதிர்கொண்டனர். அக்காலச் சென்னையில் நவீன ஓவியங்களை வாங்குவோர் மிகச் சிலரே. பயிற்சி முடித்தவர்கள் வேறு பணிகளுக்குச் செல்ல நேர்ந்தது. பலருக்குத் தூரிகையை மீண்டும் எடுக்கும் ஓய்வு வாய்க்கவில்லை. கற்பித்தலால் மட்டும் கலைஞர்களை உருவாக்க இயலாது, அவர்கள் தொடர்ந்து இயங்க ஒரு பொருளியல் அடித்தளமும் வேண்டும் என்னும் தெளிவே சோழமண்டலத்தின் தோற்றுவாய்.

3. பத்திக் ஈட்டித் தந்த நிலம்

கலைஞர்கள் தமக்குள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். அதன் முதன்மையான கைத்தொழில் பத்திக். துணியில் உருகிய மெழுகால் கோலம் தீட்டிச் சாயத்தில் தோய்த்தால் மெழுகு படிந்த பகுதிகள் சாயம் ஏற்பதில்லை. பின்னர் மெழுகை நீக்க, வடிவம் வெளிப்படும். ஓவியத்திற்கு விலை கொடுக்கத் தயங்கியவர்களும் அழகிய துணியை விரும்பி வாங்கினர். விற்பனை வருவாயில் ஒரு பங்கு பொது நிதியில் சேர்ந்தது. அந்நிதியைக் கொண்டே, நகரிலிருந்து ஒதுங்கியிருந்த கடலோர மணற்பகுதியில் நிலம் வாங்கப்பட்டது.

இவ்வேற்பாட்டின் உட்கருத்து கவனத்திற்குரியது. நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, எஞ்சியது கலைக்கு. கைவினை உணவளித்தமையால் ஓவியம் வாங்குவோரின் விருப்பத்திற்கு வளைய வேண்டிய தேவை எழவில்லை. அதாவது, விற்பனைக்கென உருவான துணி, விற்பனையைப் பொருட்படுத்தாத ஓவியத்திற்கு விடுதலை அளித்தது.

4. படைப்புகளில் கைவினையின் தடம்

கைவினையின் பங்கு பொருளியலோடு நிற்கவில்லை. சென்னைக் கலை இயக்கத்தின் தனித்தன்மைகளாகக் கோட்டின் முதன்மையும் மரபுவழி வடிவங்களின் மறுவாக்கமும் சுட்டப்படுகின்றன. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி உருவாக்கிய, முன்புறத் தோற்றமே முதன்மையான சிற்பங்கள், கோயில் திருமேனிகளுக்குச் சாத்தும் உலோகக் கவசங்களை நினைவூட்டுவன. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துத் தொன்மக் கதைகளுக்குப் புதிய உருவம் தந்தார். இவற்றில் உலோகத் தொழிலாளியின் கைத்திறன் எங்கு முடிகிறது, சிற்பியின் கற்பனை எங்குத் தொடங்குகிறது என வரையறுப்பது அரிது.

பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையும் இந்நோக்கில் கருதத்தக்கது. மலையாள எழுத்தை ஒத்த வரிகள், சாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள் ஆகியன அதில் பொருளுணர்த்தும் கடமையிலிருந்து விலகி, வெறும் காட்சி வடிவங்களாகின்றன. கணியரும் எழுத்தரும் அன்றாடம் கையாளும் கோடுகள் இங்கு நவீன ஓவியமாகின்றன.

5. கூட்டுவாழ்வின் இரு பக்கங்கள்

இக்கிராமத்தை இன்னலற்ற புகலிடமாக மட்டும் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. கே. இராமானுஜம் (1941–1973) கோபுரங்களும் பறவைகளும் விசித்திர உயிர்களும் செறிந்த கனவுலகத்தை நுண்ணிய மைக்கோடுகளால் படைத்தவர். பேச்சுக் குறைபாட்டாலும் தனிமையாலும் வருந்தியவர். பணிக்கரின் ஆதரவும் கிராமத்து வாழ்வும் அவருக்கு வரையும் சூழலைத் தந்தன. ஆயினும் இளமையிலேயே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதைத் தடுக்க அவற்றால் இயலவில்லை.

வி. விசுவநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிசுக்குச் சென்றனர், எஸ்.ஜி. வாசுதேவ் பின்னர்ப் பெங்களூரில் குடியேறினார். ஆண்களே மிகுந்திருந்த இவ்வியக்கத்தில் அர்னவாசு, அனிலா ஜேக்கப் ஆகிய பெண் கலைஞர்களின் பங்களிப்பு தனித்து ஆராயத்தக்கது.

திருவனந்தபுரத்திலுள்ள பணிக்கர் காட்சிக்கூடம் ஒரு தனிமனிதரின் வளர்ச்சியைக் காட்டுகிறது. சோழமண்டல அருங்காட்சியகமோ ஓர் இயக்கத்தைக் காட்டுகிறது. நிலைத்து வாழ்ந்தவரும் பிரிந்து சென்றவரும் அவ்வியக்க வரலாற்றில் ஒருங்கே இடம்பெறுகின்றனர்.

6. முடிவுரை

ஓவியமும் சிற்பமும் பாதுகாக்கத்தக்கவையாகக் கருதப்படுகின்றன. அவற்றைச் சாத்தியமாக்கிய பத்திக் துணிகளோ உடுத்தப்பட்டு, நைந்து, மறைந்துபோகும் இயல்பின. கலை வரலாறும் கைவினையை ‘நிதி திரட்டும் வழி’ என ஒரு வரியில் கடந்துவிடும்போது, கலைஞரின் உழைப்பில் ஒரு பாதி பதிவின்றிப் போகிறது. நிறுவனர் தலைமுறை குறைந்துவரும் இவ்வேளையில், எஞ்சிய துணிகள், விற்பனைக் கணக்குகள், கடிதங்கள், குடும்பத்தினரின் வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றைத் திரட்டுவது தமிழக ஆய்வாளர்களின் உடனடிப் பணியாகும். ஒதுக்குப்புறமாயிருந்த அம்மணற்பகுதி இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் நெருக்கத்துள் அடங்கிவிட்டது. அது கலைஞரின் கைத்தொழிலால் வாங்கப்பட்ட நிலம் என்பதற்கான சான்றுகள் தொகுக்கப்பட்டாலன்றி, அங்குள்ள படைப்புகளின் வரலாறு முழுமை பெறாது.