பிரேக் இல்லாத வண்டியில் குடும்பப் பயணம்!

பூதிகோட்டை, கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில் பங்காருபேட்டை தாலுகாவில் இருக்கிறது. ஐதர் அலி பிறந்த ஊர். சரித்திரப் புத்தகத்தில் இந்த ஊருக்கு அந்த ஒரு வரிதான் உண்டு. ஊருக்குள் போய்ச் சாலை ஓரமாக நின்று பார்த்தால் கண்ணில் படுவது டிராக்டர்கள்.

வங்கிக் கடனில் வாங்கிய டிராக்டர் காலையில் உழுகிறது. மாலையில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிறது. கல்யாணம், காது குத்து, திருவிழா என்று வந்துவிட்டால் டிரெய்லரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்துக் குடும்பமே ஏறிக்கொள்கிறது. கார் வாங்க வசதியில்லாத வீட்டுக்கு டிராக்டரே கார்.

இது விவசாயிகளின் பிரச்சினை மட்டும் அல்ல. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ந் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு தங்கவயல் தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு ரெயிலில் போய்ப் பிழைக்கிறார்கள். பண்டிகைக்குச் சொந்தக்காரர் ஊருக்குப் போக பங்காருபேட்டையில் இறங்கினால் கடைசி பஸ் போயிருக்கும். "நம்ம டிராக்டர் வருது, ஏறிக்குங்க மாமா" என்று ஒரு குரல் கேட்கும். கைக்குழந்தையோடு ஏறிக்கொள்கிறோம். கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கோ தினமும் அதுதான் வாகனம்.

முடி இறக்கப் போனவர்கள்

2022ஆம் ஆண்டு அக்டோபர் 1ந் தேதி இரவு. உத்தரப் பிரதேச மாநிலம் கான்பூர் அருகே ஒரு குடும்பமும் உறவினர்களும் கோவிலில் குழந்தைக்கு முடி இறக்கிவிட்டு டிராக்டர் டிரெய்லரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வண்டி சாலையை விட்டு விலகிக் குளத்தில் கவிழ்ந்தது. 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 24ந் தேதி அதே மாநிலத்தில் காஸ்கஞ்ச் மாவட்டம். மாசி பவுர்ணமிக்குக் கங்கையில் குளிக்கப் போனவர்களின் டிரெய்லர் அதே மாதிரி குளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

வடநாட்டுச் செய்தி என்று ஒதுக்க வேண்டாம். 2018 ஜூன் 24ந் தேதி தெலுங்கானாவில் யாதாத்ரி மாவட்டத்தில் வயல் வேலைக்குப் போன கூலியாட்களின் டிராக்டர் மூசி ஆற்றுக் கால்வாயில் விழுந்தது. 15 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் பெண்கள். 2025 ஏப்ரலில் மராட்டிய மாநிலம் நாந்தேட்டில் ஒரு டிரெய்லர் கிணற்றில் விழுந்து 7 பெண்கள் இறந்தார்கள்.

குளம், கால்வாய், கிணறு! கவிழ்ந்த டிரெய்லர் கொப்பரையைக் கவிழ்த்ததுபோல மேலே மூடிக்கொள்கிறது. கீழே அகப்பட்டவர் நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் வெளியே வர வழியில்லை. நம் கோலார் மாவட்டமோ ஏரிகளுக்குப் பெயர் பெற்றது. கிராமத்துச் சாலைகள் பல இடங்களில் ஏரிக்கரை மேலேயே போகின்றன.

இழுப்பது போய் தள்ளுவது

டிராக்டர் டிரெய்லரை இழுக்கிறது என்று நினைக்கிறோம். மேட்டில் ஏறும்போது அது சரி. சரிவில் இறங்கும்போதும், பிரேக் போடும்போதும், டிரெய்லர்தான் டிராக்டரைத் தள்ளுகிறது.

கணக்குப் பாருங்கள். நடுத்தர டிராக்டரின் எடை சுமார் 2 டன். கோலார் சந்தைக்குப் போகும் தக்காளிப் பெட்டி ஒன்று 15 கிலோ. 200 பெட்டி ஏற்றினால் 3 டன். டிரெய்லரின் சொந்த எடை ஒரு டன்னாவது இருக்கும். ஆக முன்னால் 2 டன், பின்னால் 4 டன். இந்த 6 டன்னையும் நிறுத்த வேண்டியது டிராக்டரின் பின் சக்கரங்கள் இரண்டில் உள்ள பிரேக் மட்டுமே. இங்கே ஓடும் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் என்பதே கிடையாது.

வேகம் கூடினால் நிலைமை இன்னும் மோசம். 20 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை நிறுத்தத் தேவைப்படும் சக்தியைப்போல் நான்கு மடங்கு 40 கி.மீ. வேகத்தில் தேவைப்படும். இரண்டு மடங்கு வேகத்துக்கு இரண்டு மடங்கு பிரேக் போதும் என்று எண்ணுவதுதான் பலர் செய்யும் தப்புக் கணக்கு.

திருப்பத்தில் திடீரென்று பிரேக் போட்டால், டிரெய்லர் டிராக்டரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும். கையை முழங்கையில் மடக்குவதுபோல இரண்டும் மடங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பயன் இல்லை.

அர்மாவில் நடந்தது

ரெயில்வேயில் இருப்பவன் என்பதால் ஒரு பழைய விபத்தை இங்கே சொல்லத் தோன்றுகிறது. அயர்லாந்தில் அர்மா என்ற ஊர். 1889ஆம் ஆண்டு ஜூன் 12ந் தேதி ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை உல்லாசப் பயணம் ஏற்றிப் போன ரெயில் மேடு ஏற முடியாமல் நின்றுவிட்டது. ரெயிலை இரண்டாகக் கழற்றி, முதல் பாதியைக் கொண்டு போகத் தீர்மானித்தார்கள். பின்பாதியைப் பிடித்து நிறுத்த ஒரே ஒரு பெட்டியில் கைப்பிரேக். சக்கரங்களின் கீழே சில கற்கள்! முன்பாதி கிளம்பும்போது சற்றே பின்னால் நகர்ந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பெட்டிகள் பள்ளத்தில் உருண்டு ஓடி, பின்னால் வந்த ரெயில் மீது மோதின. சுமார் 80 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

அந்த ரெயிலிலும் வாக்குவம் பிரேக் இருந்தது. ஆனால் குழாயைக் கழற்றினால் பிரேக் விட்டுப்போகும் வகை அது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் அரசு சட்டம் கொண்டுவந்தது. பயணிகள் ரெயிலில் எல்லாப் பெட்டிக்கும் பிரேக் வேண்டும். இணைப்பு அறுந்தால் தானாகவே பிரேக் பிடிக்க வேண்டும். இன்று மாரிக்குப்பம் பாசஞ்சரில் நாம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போகிறோம் என்றால், நடுவில் பெட்டி கழன்றாலும் காற்றுக்குழாய் பிரிந்து இரண்டு பாதியும் நின்றுவிடும் என்பதால்தான். ஐரோப்பிய நாடுகளில் காரின் பின்னால் இணைக்கும் டிரெய்லருக்கும் இந்த ஏற்பாடு உண்டு. மொத்த எடை 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் கட்டாயம்.

நம் டிரெய்லரை நிறுத்தி வைக்க இன்றைக்கும் சக்கரத்துக்குக் கீழே கல்தான்.

கொக்கியும் முளையும்

டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்ப்பது ஒரு சாண் இரும்பு முளை. மெக்கானிக்குகள் 'பின்' என்பார்கள். தொலைந்து போனால் புதியது வாங்குவதில்லை. கட்டடக் கம்பித் துண்டையோ பழைய போல்ட்டையோ சொருகிவிடுகிறார்கள். ஓட்டையை விட மெலிந்த முளை ஆடி ஆடித் தேயும். பள்ளத்தில் குலுங்கும்போது மேலே எழும்பி விழுந்துவிடும். ஓட்டைக்குச் சரியான அளவு முளை, அது எழும்பாமல் அடியில் மாட்டும் கிளிப், இரண்டும் வேண்டும். கூடவே ஒரு சங்கிலி. முளை போனாலும் டிரெய்லர் தனியாக ஓடாமல் சங்கிலி பிடித்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து ஒரு நாள் டீசல் செலவுகூட ஆகாது.

இழுக்கும் இடமும் முக்கியம். கொக்கி தாழ்வாக, அதற்கென்று உள்ள கம்பியிலேதான் இருக்க வேண்டும். சேற்றில் சிக்கிய டிரெய்லரை இழுக்கிறேன் என்று உயரமான இடத்தில் சங்கிலி கட்டினால், முன் சக்கரங்கள் தூக்கிக்கொண்டு டிராக்டர் பின்பக்கமாகவே மல்லாந்துவிடும். சுமார் ஒன்றரை விநாடியில் முடிந்துவிடும் காரியம். குதித்துத் தப்ப நேரம் கிடையாது.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து இறங்கும். பின்பாரம் அதிகமானால் நுகம் தூக்கும். இரண்டு சக்கர டிரெய்லரும் அப்படியே. சுமையின் பெரும்பகுதி அச்சுக்கு மேலும், சற்று முன்னேயும் இருக்க வேண்டும். பின்னால் குவித்தால் கொக்கியைத் தூக்கி, டிராக்டரின் பின் சக்கரங்களுக்குத் தரைப்பிடிப்பைக் குறைக்கும். பிரேக் இருப்பதே அந்தச் சக்கரங்களில்தானே! முன்னால் அதிகமாகக் குவித்தால் டிராக்டரின் முன் சக்கரங்கள் லேசாகி ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது.

தக்காளிப் பெட்டி வைத்த இடத்தில் இருக்கும். ஆட்கள் அப்படி இல்லை. ஏரியைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் எழுந்து நின்றால் பாரமும் அந்தப் பக்கம் போகிறது. 40 பேர் என்றால் 2 டன். அந்த 2 டன் தரையிலிருந்து மார்பளவு உயரத்தில் ஆடுகிறது.

இரண்டு பிரேக் மிதிகள்

டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. வயலில் சட்டென்று திருப்ப வசதிக்காக அப்படி. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்ட ஒரு தாழ் இருக்கிறது. உழுது முடித்துச் சாலைக்கு வரும்போது அந்தத் தாழைப் போடாமல் வருகிறவர்கள் அநேகர். அவசரத்தில் கால் ஒரு மிதியில் மட்டும் விழுந்தால் ஒரு சக்கரம் மட்டும் நிற்கும். டிராக்டர் அந்தப் பக்கம் சுழலும். பின்னால் டிரெய்லர் வந்து தள்ளும். சாலையில் ஏறும் முன் குனிந்து தாழைப் பார்க்க ஒரு விநாடி போதும்.

இன்னொரு கெட்ட பழக்கம், சரிவில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது. எஞ்சின் பிடியும் போய்விடுகிறது. பாதிச் சரிவில் கியர் போடப் பார்த்தால் விழாது. சரிவு தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு மாற்றி, கிளட்சில் கால் வைக்காமல் இறங்க வேண்டும்.

டிரைவர் பக்கத்தில் மட்கார்டு மேல் குழந்தையை உட்கார வைப்பது எந்த ஊரிலும் காணும் காட்சி. ஒரு குலுக்கலில் குழந்தை விழுவது பெரிய சக்கரத்தின் முன்னே.

ஆட்களை டிரெய்லரில் ஏற்றவே கூடாது என்பதுதான் சட்டம். என் கருத்தும் அதுவே. நாலு வீடு சேர்ந்து காசு போட்டால் ஒரு வேன் கிடைக்கும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் மேஸ்திரியிடம் எதிர்த்துப் பேச முடியாது என்பதும் தெரியும். அப்படி ஏறித்தான் தீர வேண்டும் என்றால், தரையில் உட்காருங்கள்; பக்கப் பலகை மேல் உட்கார வேண்டாம். சரக்கு மேல் உட்காரவே வேண்டாம். ஏரிக்கரை, செங்குத்தான சரிவு, சேற்றுத் திருப்பம் வந்தால் இறங்கி நடந்து போய் அப்புறம் ஏறிக்கொள்ளுங்கள். டிரைவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பெங்களூரில் சில குடும்பங்கள் ஜீப்பின் பின்னால் சிறு டிரெய்லர் மாட்டிச் சாமான் கொண்டு போகிறார்கள். அவர்களுக்கும் முளை, சங்கிலி, பாரம் எல்லாம் இதேதான். வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கினால் ஓங்கிப் பிரேக் போடாமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆட்டம் அடங்கும்.

இரவில் நிற்கும் எமன்

பழுதாகிச் சாலை ஓரம் நிற்கும் டிரெய்லர், இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு மொபெட்டில் வருகிறவனுக்கு எமன். பின்னால் விளக்கு இல்லை. சிவப்புப் பிரதிபலிப்பான்களை வைக்கோல் மறைத்திருக்கும். சுமை ஏற்றிய பிறகு பின்னால் போய் நின்று, அவை கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் ஒளிரும் பட்டையைச் சுமைக்கு வெளியே தெரியும்படி கட்டலாம். பழுது சரியானதும் முட்டுக் கொடுத்த கற்களை நடு ரோட்டிலேயே விட்டுப் போகிறார்களே, அதை என்னவென்று சொல்வது!

காகிதமும் பாருங்கள்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 61வது பிரிவின்படி டிரெய்லரின் சொந்தப் பதிவு எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுக்கும் டிராக்டரின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதால் டிரெய்லருக்கும் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2007ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. செங்கல் சூளைக்கு மண் கொண்டு போன டிரெய்லரிலிருந்து விழுந்து காயமடைந்த கூலித் தொழிலாளி நஷ்டஈடு கேட்டார். டிராக்டர் விவசாய வேலைக்கு மட்டுமே இன்சூர் செய்யப்பட்டிருந்தது. டிரெய்லருக்கு இன்சூரன்சே இல்லை. கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை என்று நீதிமன்றம் கூறியது. ஆனாலும் ஏழைத் தொழிலாளி என்பதால், தனது விசேஷ அதிகாரத்தைப் பயன்படுத்தி, தொகையை அவருக்கு முதலில் கொடுத்துவிடும்படி கம்பெனிக்கு உத்தரவிட்டது. அந்தப் பணத்தைக் கம்பெனி பிறகு வசூல் செய்துகொள்ளச் சொன்னது டிராக்டர் சொந்தக்காரரிடம்.