கம்பெனி திவால், கம்ப்யூட்டர் மட்டும் ஓடுகிறது!
பழைய இயந்திரத்துக்குப் புது மூளை

கம்பெனி திவால் ஆகி 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் அது செய்த கம்ப்யூட்டர் இன்றும் ஓடுகிறது. முன்னைவிட வேகமாக ஓடுகிறது!

அதன் பெயர் "அமிகா 500".

1987-ம் ஆண்டில் அமெரிக்காவின் "கமடோர்" கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வீட்டில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் இது. வண்ணப்படம் காட்டும், இசை எழுப்பும். ஐரோப்பாவில் பல பிள்ளைகள் இதில் விளையாடி வளர்ந்தார்கள்.

1994-ல் கமடோர் திவால் ஆயிற்று.

ஆமை வேகம்

அமிகாவின் மூளை, "மோட்டோரோலா 68000" என்ற சிப்பு. அதற்கு 64 கால்கள். வினாடிக்குச் சுமார் 70 லட்சம் முறை துடிக்கும். அன்று அது பெரிய வேகம். இன்று ஆமை வேகம்.

வேகத்தைக் கூட்ட "ஆக்சிலரேட்டர்" என்ற பலகை உண்டு. அந்தக் காலத்தில் கம்பெனிகள் அதை விற்றன. செய்முறையைப் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. கம்பெனி மூடினால் செய்முறையும் போயிற்று!

ரகசியம் இல்லை

இப்போது ரசிகர்களே பலகை செய்கிறார்கள். அவற்றில் ஒன்று "பைஸ்டார்ம்". இதன் வரைபடம் எல்லோருக்கும் இலவசம். யாரும் பார்க்கலாம், செய்யலாம், திருத்தலாம். ஒருவர் குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால், அந்தத் திருத்தம் எல்லோருக்கும் கிடைக்கும்.

வேலை எளிதல்ல. சிப்புகளின் கால்கள் மிக நெருக்கமானவை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஈயப்பற்று வைக்க வேண்டும். கை நடுங்கினால் பலகை பாழ்!

வேஷம் போடும் மூளை

அமிகாவின் பழைய சிப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இந்தப் பலகையைச் செருகுகிறார்கள். பலகையின் மேல் "ராஸ்பெர்ரி பை" என்ற கம்ப்யூட்டர் உட்காருகிறது. இங்கிலாந்தில் உருவான இது, உள்ளங்கையில் அடங்கிவிடும். இதில் ஒரு வகை, வினாடிக்கு 140 கோடி முறை துடிக்கும்!

"நான்தான் 68000" என்று இது வேஷம் போடுகிறது. மற்ற சிப்புகள் அதை நம்பி வேலை செய்கின்றன!

ஆனால் அமிகா மெதுவாகப் பேசும். பை வேகமாகப் பேசும். இருவருக்கும் நடுவே ஒரு சிப்பு தரகர்போல நின்று, அமிகாவின் தாளத்துக்கு ஏற்பப் பேச்சைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது.

கணக்குப் போடும் வேகம் கூடுகிறது. படமும் இசையும் பெரும்பாலும் பழைய சிப்புகளின் வேலைதான்.

கழற்றிய சிப்பு எங்கே?

அதை யாரும் எறிந்துவிடுவதில்லை. சில பழைய விளையாட்டுகள், பழைய வேகத்துக்கென்றே எழுதப்பட்டவை. புது வேகத்தில் அவை தடுமாறும். ஆகவே 68000-ஐப் பத்திரமாக டப்பாவில் வைத்துக்கொள்கிறார்கள். வேண்டும்போது மீண்டும் செருகிக்கொள்ளலாம் அல்லவா?