பச்சைக் குழந்தையும் பித்தக் குழாயும்

பிறந்த குழந்தையின் உடம்பில் மஞ்சள் பூத்திருந்தால் நம் வீடுகளில் யாரும் அதிகமாகக் கலவரப்படுவதில்லை. "காலை வெயிலில் சற்றே காட்டுங்கள், நாலு நாளில் தெளிந்துவிடும்" என்பார்கள் பாட்டிமார். பெரும்பாலும் அப்படியே தெளிந்தும் விடுகிறது. ஆனால் இரண்டு வாரங்கள் கழிந்தும் மஞ்சள் மாறாமல், குழந்தையின் மலமும் வெளுத்துப் போயிருந்தால் அது முற்றிலும் வேறு சங்கதி. அதைப் பற்றியே இங்கு நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்கள் ஆயுள் முடிந்து சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை வாங்கிப் பக்குவம் செய்து, பித்த நீரோடு கலந்து, மெல்லிய குழாய்களின் வழியே சிறுகுடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு நிறம் தருவது இதுவே. புதிதாகப் பிறந்த சிசுவின் கல்லீரலுக்கு இந்த வேலை பழகச் சில நாட்கள் பிடிக்கும். சாதாரண மஞ்சளின் இரகசியம் அவ்வளவுதான். வேலை பழகியதும் அது மறைந்துவிடும். மிஞ்சிப் போனால் ஆஸ்பத்திரியில் நீல ஒளியின் கீழ்க் கிடத்துவார்கள்.

பித்தக் குழாயே அடைபட்டுப் போனாலோ? பக்குவமான பித்தம் வழியின்றி இரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீர் கறுத்து மஞ்சளாகிறது. மலம் களிமண் போல் வெளுக்கிறது. அடைபட்ட வழியை வெயில் திறக்குமா? கீழாநெல்லிதான் திறக்குமா?

பெரியவர்களுக்கும் இவ்வடைப்பு உண்டு. பித்தப் பையிலிருந்து நழுவிய கல் குழாயில் சிக்கிக்கொள்வது அதன் சாதாரணமான காரணம். வலப்புற மேல்வயிற்றில் வலி, குளிர் ஜுரம், காமாலை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரெஞ்சு வைத்தியர் சார்கோ 1877-இலேயே இம்மூன்றையும் சேர்த்துக் குறித்திருக்கிறார். இப்போது வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியே குழாயைச் செலுத்தியே பெரும்பாலும் கல்லை எடுத்துவிடுகிறார்கள்.

சிசுக்களின் கதை இவ்வளவு சுலபமன்று. சில குழந்தைகளுக்குப் பித்தக் குழாய்கள் வீங்கி, தழும்பேறி, நாராகவே சுருங்கி மூடிவிடுகின்றன. ஐரோப்பாவில் ஏறக்குறைய 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்நோய் காண்கிறது; தைவானில் இன்னும் அதிகம். இதன் மூல காரணத்தை விஞ்ஞானம் இன்னும் தீர்மானமாகக் கண்டுபிடிக்கவில்லை. தாய்ப்பாலால் வருவதன்று என்பது மட்டும் நிச்சயம். ஆதலால் பெற்றவளைக் குறை கூறுவோர் தயவு செய்து வாயை மூடிக்கொள்ளலாம். முதல் சில வாரங்களில் குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், கொழுகொழுவென்றும் இருக்கும். ஏமாந்து போவதற்கு வேறென்ன வேண்டும்? அதற்குள் கல்லீரல் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டு வரும். 'கே' வைட்டமின் உடம்பில் ஏறாமையால் இரத்தம் உறையும் சக்தி குறைந்து, சில குழந்தைகளுக்கு மூளையிலேயே இரத்தம் கசிந்துவிடுவதும் உண்டு.

இந்நோய்க்கு ஆளான குழந்தைகளில் பெரும்பாலோரை இரண்டு வயதுக்குமேல் காப்பாற்ற முடியாதிருந்த காலம் ஒன்றிருந்தது. அதை மாற்றியவர் ஜப்பானில் செண்டாய் நகரத்துத் தொஹோக்கு சர்வகலாசாலையைச் சேர்ந்த மோரியோ கசாய். நாராகிப்போன குழாய்களைக் கல்லீரலின் வாயில் வரை வெட்டி நீக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொணர்ந்து அவ்வாயிலில் தைத்துவிடும் சிகிச்சையை அவர் 1959-இல் ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். 1968-இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்த பிறகும் மேல்நாட்டு நிபுணர்களில் பலர் சட்டென்று நம்பவில்லை. கீழ்த்திசையிலிருந்து வரும் உண்மை கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும் போலும்! இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதல் சிகிச்சை அதுதான்.

எல்லாக் குழந்தைகளுக்கும் அது பலிப்பதில்லை. பலித்தவர்களிலும் பலருக்குப் பிற்காலத்தில் மாற்றுக் கல்லீரல் தேவைப்படுகிறது. 1998-இல் டில்லியில் ஒரு தமிழ்க் குழந்தைக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியைப் பொருத்தியது இந்நோய்க்காகவே. குழந்தை பிழைத்து வளர்ந்தது. ஆனால் கசாயின் சிகிச்சை பிறந்து 60 நாட்களுக்குள் நடந்தால் பித்தம் வடியும் வாய்ப்பு அதிகம். நாட்கள் ஏற ஏற அது குறைந்துகொண்டே போகிறது. வெயிலுக்கும் மூலிகைக்கும் நாம் செலவிடும் வாரங்கள் இந்த 60 நாட்களிலிருந்துதான் கழிகின்றன.

தைவானில் 2004 முதல் நாடு முழுவதும் தாய்மார்களுக்கு ஒரு வர்ண அட்டை தருகிறார்கள். குழந்தையின் மலத்தை அதிலுள்ள படங்களோடு ஒப்பிட்டு, வெளுப்பாயிருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். இதனால் உரிய காலத்தில் சிகிச்சை பெறும் குழந்தைகள் அங்கே பெருகியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு தாயின் கையிலும் இத்தகைய அட்டை இருக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். அச்சுக் கூலியைத் தவிர அதற்கு என்ன பெரிய செலவு?

அட்டை இல்லாத வீட்டில் வெள்ளைத் துணி போதும். பச்சைக் குழந்தையின் சிறுநீர் ஏறக்குறைய நிறமற்றதாயிருக்க வேண்டும். துணியில் மஞ்சள் கறை படியலாகாது. மலத்தை விளக்கு வெளிச்சத்தில் பாராமல் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அது வெளுத்திருந்தாலும், பதினாலு நாட்களுக்குப் பிறகும் கண்ணில் மஞ்சள் தங்கியிருந்தாலும், குழந்தையை டாக்டரிடம் கொண்டு போய், "நேரடி பிலிருபின் எவ்வளவு?" என்று கேளுங்கள். சில துளி இரத்தத்தில் அதற்கு விடை கிடைத்துவிடும்.