செய்தி செல்லும் வழி

பொறியியற் கல்லூரிகளில் மின்னணுவியல், தொடர்பியல் என்னும் பெயரால் நான்காண்டுப் படிப்பு ஒன்று உண்டு. அதனை விரும்பிச் சேரும் மாணவருள் சிலர், வானொலிப் பெட்டியையும் கைப்பேசியையும் பிரித்துப் பழுதுபார்க்கும் கலையே அங்குக் கற்பிக்கப்படும் என்று எண்ணிச் செல்கின்றனர். வகுப்பிலோ கணிதமே முன் வந்து நிற்கிறது. அதைக் கண்டு மலைத்துப்போகின்றனர். செய்தி அனுப்பும் தொழிலுக்குக் கணிதம் எதற்கு? இதற்குரிய விடையைக் கடலடியில் கிடந்த ஒரு கம்பியின் வரலாற்றிலே காணலாம்.

1858ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள், அயர்லாந்துக் கரையை ஒட்டிய வாலன்சியாத் தீவையும் வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்தையும் இணைக்கும் தந்திக் கம்பி இட்டு முடிக்கப்பட்டது. கப்பலேறிப் பல நாள் பயணம் செய்த செய்தி இனி நொடியிற் செல்லும் என்று இரு கரையிலும் மக்கள் களித்தனர். விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு 98 சொற்களில் வாழ்த்து விடுத்தார். அவ்வாழ்த்துப் போய்ச் சேர 16 மணி நேரம் ஆயிற்று. ஒரு சொல்லுக்கு ஏறத்தாழப் பத்து நிமிடம்!

மின்சாரம் விரைந்து செல்லும் பொருளாயிற்றே, இத்தனை தாமதம் ஏன்? கடற்கம்பியின் நடுவே செம்பு. அதைச் சுற்றி மின்கடத்தாத உறை. அதற்கும் வெளியே கடல்நீர். இவ்வமைப்பு மின்னைத் தன்னுள் தேக்கிவைக்கும் ஒரு நீண்ட கலம் போன்றது. இக்கரையிற் குறுகிய துடிப்பாகப் புறப்படும் குறி, அக்கரையில் மெல்ல எழுந்து மெல்லத் தாழும் மங்கலான அலையாகவே வந்து சேரும். அடுத்த குறியை விரைந்து அனுப்பினால் இரண்டும் கலந்துவிடும்.

கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன் இதனை முன்பே கணித்திருந்தார். வெப்பம் பரவும் முறைக்கு ஃபூரியே என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்த சமன்பாடே கடற்கம்பிக்கும் பொருந்தும் என்றும், கம்பியின் நீளம் இருமடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்றும் அவர் காட்டினார். ஆனால் தந்திக் குழுமத்தின் மின்துறைத் தலைவர் ஒயிட்ஹவுஸ் அக்கணக்கை ஏற்கவில்லை. குறி மங்கினால் மின்னழுத்தத்தைக் கூட்டுவதே வழி என்று கருதி, ஏறத்தாழ 2,000 வோல்ட் அழுத்தத்தைக் கம்பியிற் செலுத்தினார். முன்னரே குறைகள் இருந்த கம்பி அதனைத் தாங்கவில்லை. சில வாரங்களுள் அது முற்றிலும் ஊமையாயிற்று. தாம்சனோ மிக மெல்லிய மின்னோட்டத்தையும் காட்டும் ஆடிக் கருவியை அமைத்திருந்தார். 1866இல் இடப்பட்ட புதிய கம்பியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ எட்டுச் சொற்கள் சென்றன.

உரக்கக் கத்துவது ஒன்றே வழியன்று என்னும் இவ்வுண்மையைச் சுற்றியே இப்படிப்பின் பெரும்பகுதி அமைந்துள்ளது. ஏனெனில், எந்தக் கருவியிலும் வெப்பத்தால் எழும் இரைச்சல் உண்டு. வந்த குறியைப் பெருக்கினால் அதனோடு இரைச்சலும் பெருகும். ஆதலின் இக்காலத்தில் குரலையே எண்களாக மாற்றுகின்றனர். தொலைபேசி முறையொன்றில் குரலலையின் உயரத்தை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு இலக்கங்களால் குறிப்பர். நொடிக்கு 64,000 இலக்கங்கள் செல்லும். ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1. வழியில் உள்ள நிலையம் மங்கிய குறியை அப்படியே பெருக்காமல், 'இது 0, இது 1' என்று தீர்மானித்துப் புதிதாக எழுதி அனுப்பும். இரைச்சல் அங்கேயே உதிர்ந்துவிடுகிறது.

தீர்மானம் தவறினால்? தொலைபேசியில் ஊர்ப்பெயர் விளங்காவிடில், 'பழனிக்குப் ப, மதுரைக்கு ம' என்று நாம் சொல்வதுண்டு. சொல்லைக் கூட்டிப் பிழையை நீக்குகிறோம். எந்திரமும் அவ்வாறே செய்யும். 1 என்பதை 111 என அனுப்பினால், 101 என வந்தாலும் பெரும்பான்மை கொண்டு 1 எனத் தெளியலாம். ஆயினும் இது மும்மடங்கு செலவு. நான்கு இலக்கங்களுடன் மூன்றே இலக்கங்களைச் சேர்த்து, அவ்வேழினுள் நேரும் ஒரு பிழையைத் திருத்தும் முறையை ஹாமிங் 1950இல் வெளியிட்டார்.

அதற்கு ஈராண்டு முன், 1948இல், அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன் ஓர் அரிய முடிவை நிறுவியிருந்தார். ஒவ்வொரு வழிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதனை மீறாத வரையில், இரைச்சலினூடேயும் பிழையை நாம் வேண்டும் அளவுக்குக் குறைக்கலாம் என்பதே அது. அம்முறை யாது என்று அவர் கூறவில்லை! அதனைத் தேடிப் பொறியாளர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தனர். 1993இல் பிரான்சு நாட்டின் பெரு, கிளாவியே ஆகியோர் வகுத்த முறை அவ்வெல்லையை மிகவும் நெருங்கிற்று.

1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் இன்று 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அதன் வானொலி அனுப்பியின் ஆற்றல் 23 வாட் அளவே. வீட்டில் எரிந்த பழைய குண்டு விளக்குக்கும் குறைவு. அங்கிருந்து புறப்படும் குறி புவியை அடைய 22 மணி நேரத்துக்கும் மேலாகும். அதில் ஒரு சொல் சிதைந்து, 'மீண்டும் சொல்' என்று நாம் கேட்டால், மறுமொழி வந்துசேர ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும்.