காலை ஆறரைக்கு மாறும் பாரிஸ்

பிரான்சில் பிள்ளைகளை வைத்திருக்கும் புதுச்சேரி உழவர்கரைப் பெற்றோருக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரைதான். எண்ணெய் நெருக்கடியை ஒட்டி 1976-இல் பிரான்ஸ் மீண்டும் கொண்டுவந்த கோடை நேர ஏற்பாடு இது. இப்போது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரம் மாறும் நொடியில் நமக்குச் சரியாகக் காலை 6.30.

மனிதர்கள் பழகிவிடுகிறார்கள், தரவுத்தளம் தடுமாறுகிறது. 2024 அக்டோபர் 27 அன்று பாரிஸில் அதிகாலை 2.30 இரண்டு முறை வந்தது. முதலாவது வந்தபோது இங்கே ஆறு மணி, அடுத்தது வந்தபோது ஏழு. வெறும் ‘2.30’ என்று பதிவான பணப் பரிமாற்றம் இவற்றில் எதில் நடந்தது? அந்தப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. 2025 மார்ச் 30-இலோ அங்கே 2.30 வரவே இல்லை.

பிழை எவ்வளவு என்பதே முதல் துப்பு. ஐந்தரை மணி நேரம் பிசகினால், உலகப் பொது நேரமான யுடிசியை யாரோ இந்திய நேரமாகப் படித்திருக்கலாம். பதினொரு மணி நேரம் என்றால் மாற்றத்தை எதிர்த்திசையில் செய்திருக்கலாம். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் ஒரு மணி நேரம் தப்பினால் கோடை நேரத்தைச் சந்தேகியுங்கள்.

யுடிசியிலிருந்து இந்திய நேரம் ‘+5.30’ என்று எழுதிவைத்தால் போதாதா? இலங்கையைப் பாருங்கள். 1996 மே மாதம் +6.30-க்குத் தாவியது, அதே ஆண்டு அக்டோபரில் +6 ஆனது, 2006 ஏப்ரலில்தான் +5.30-க்குத் திரும்பியது. 2000-இல் கொழும்பில் பிறந்த குழந்தைக்கு இன்றைய கணக்கில் ஜாதகம் கணிக்கும் மென்பொருள் அரை மணி நேரம் பிசகும், லக்னமே மாறிவிடலாம். இந்தியாவும் போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, +6.30-இல் இருந்தது. இத்தனை அரசாணைகளையும் ஊர்வாரியாகத் தொகுத்த நேர மண்டலத் தரவுத்தளத்தைத் தொடங்கியவர் ஆர்தர் டேவிட் ஓல்சன். உலகின் கோடிக்கணக்கான கணினிகள் அதைத்தான் நம்பியிருக்கின்றன. எனக்கு அது ஒரு மாபெரும் வரலாற்று நூலாகவே படுகிறது.

நடந்து முடிந்ததை யுடிசியில் சேமிக்கலாம். வரப்போவதற்கு அது போதாது. கோடை நேரத்தைக் கைவிட ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-இல் வாக்களித்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்து, பிரான்ஸ் குளிர்கால நேரத்திலேயே நின்றுவிட்டால், ஜூன் மாதத்துக்காக இன்றே யுடிசியாக மாற்றிவைத்த ஒன்பது மணிச் சந்திப்பு எட்டு மணி என்று காட்டும். அதனால் எதிர்காலச் சந்திப்புக்கு ‘காலை 9’ என்ற உள்ளூர் நேரத்தையும் ‘ஐரோப்பா/பாரிஸ்’ என்ற மண்டலப் பெயரையும் சேர்த்தே வைத்து, தேவைப்படும்போது கணக்கிட வேண்டும்.