கற்றாழைக்குள் ஏறும் புகை

மந்தாரக்குப்பம், நெய்வேலி வட்டாரத்துப் பெரியவர்களுக்கு லீகோ கரி நினைவிருக்கும். சுரங்கத்தில் வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, அழுத்திக் கட்டிகளாக்கி, காற்றுப் படாமல் சூடேற்றுவார்கள். புகைச்சத்து வெளியேறிய பின் மிஞ்சும் கட்டிதான் லீகோ. வீட்டு அடுப்பில் அது புகையாமல் நின்று எரிந்தது. வெளியேறிய புகையும் வீணாகவில்லை. அதைக் குளிரவைத்து கார்பாலிக் அமிலம், கிரெசால் போன்ற பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். பழைய மருத்துவமனைத் தரைகளில் வீசும் கிருமிநாசினி நெடி இந்தப் பொருள்களின் நெடிதான்.

இதே வேதியியல் உலகின் மறுபக்கத்தில், மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், ஒரு மதுவுக்குப் பெயர் வாங்கித் தந்திருக்கிறது. மெஸ்கால் என்ற அந்த மதுவின் தனி அடையாளம் அதன் புகைமணம். அந்த மணம் எங்கிருந்து வருகிறது, ஒரு மெஸ்காலும் இன்னொரு மெஸ்காலும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்று தேடிப் போனால், தாவரவியலும் வேதியியலும் இயற்பியலும் ஒரே கோப்பையில் கூடியிருப்பதைப் பார்க்கலாம்.

மூலப்பொருள் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டின் வறண்ட செம்மண் நிலங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் முள்நுனி மடல்களோடு வேலியாக நிற்கும் ஆனைக் கற்றாழை, மெக்சிகோவிலிருந்து வந்த அகேவ் இனம். மருந்துக்கும் தலைக்கும் நாம் பயன்படுத்தும் சோற்றுக் கற்றாழை வேறு குடும்பம். தோற்றத்தில் மட்டுமே உறவு.

அகேவ் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. வெயிலில் திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிவிடும். இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்து, மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைச் சர்க்கரையாக்குகிறது. அந்தச் சர்க்கரையை நெல்லைப் போல மாவுச்சத்தாக வைக்காமல், ஃப்ரக்டோஸ் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்து, ஃப்ரக்டான் என்ற வடிவில் நடுத்தண்டில் சேர்க்கிறது. ஃப்ரக்டான் நீரில் கரையும். வறட்சியில் திசுக்கள் காய்ந்துபோகாமலும் காக்கும். இந்தச் சேமிப்பெல்லாம் ஒரே ஒரு செலவுக்காக. பல ஆண்டுகள் காத்திருந்து, வாழ்நாளில் ஒருமுறை, பல மீட்டர் உயரத்துக்குப் பூந்தண்டை எழுப்பிப் பூத்துக் காய்த்து, தாய்ச்செடி மடிந்துவிடும்.

மெக்சிகோ மக்கள் இந்தச் சேமிப்பை இரண்டு வழிகளில் எடுக்கிறார்கள். பூந்தண்டு எழும் இடத்தைக் குடைந்து, ஊறும் இனிப்புச் சாற்றை நாள்தோறும் எடுத்துப் புளிக்கவிட்டால் புல்கே என்ற பானம் கிடைக்கிறது. பனம்பாளையைச் சீவிக் கள் இறக்குவது போன்ற வேலை இது. பூந்தண்டை முளையிலேயே வெட்டிவிட்டு, மடல்களையும் சீவி, சர்க்கரை தங்கிய நடுத்தண்டை முழுதாக எடுத்துச் சுட்டு, புளிக்கவைத்து வடித்தால் மெஸ்கால்.

சுடாமல் வேலை நடக்காது. மது தயாரிப்பில் பயன்படும் பெரும்பாலான ஈஸ்ட்டுகளால் ஃப்ரக்டான் சங்கிலியை அப்படியே உண்ண முடியாது. வெப்பமும் செடியின் சொந்த அமிலமும் சேர்ந்துதான் அதை ஃப்ரக்டோஸாக உடைக்கின்றன. எப்படிச் சுடுகிறார்கள் என்பதில்தான் டெக்கிலாவும் மெஸ்காலும் பிரிகின்றன. டெக்கிலாவுக்கு நீலக் கற்றாழை என்ற ஒரே இனம்; செங்கல் சூளையிலோ அழுத்தக் கலத்திலோ நீராவியில் வேகும். புகை அதிகம் சேராது. மெஸ்காலுக்குப் பெரும்பாலும் தரையில் குழி வெட்டி, விறகை எரித்து, கற்களைப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். அதன்மேல் ஈரச் சக்கையைப் பரப்பி, வெட்டிய தண்டுகளைக் குவித்து, பாயும் மண்ணும் போட்டு மூடிவிடுகிறார்கள். மூன்று முதல் ஐந்து நாள் வரை அது உள்ளேயே வெந்துகொண்டிருக்கும்.

மூடிய குழியில் காற்று குறைவு. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் அந்த நிலையில் முழுதாக எரியாமல் சிதைகிறது. சிதையும்போது குவையகால், சிரிங்கால், கிரெசால் முதலிய ஃபீனால் வகைப் பொருள்கள் புகையோடு எழுந்து, வேகும் தண்டில் படிகின்றன. லீகோவுக்காகச் சூடேற்றிய பழுப்பு நிலக்கரியும் ஒருகாலத்து மரம்தான். செல்லுலோஸைவிட லிக்னின் மெதுவாக மட்கும் என்பதால் நிலக்கரிக்குள் அதன் எச்சம் நிறைய மிஞ்சியது. ஆனால் யுகக்கணக்கில் மண்ணுக்கடியில் கிடந்ததில் லிக்னினோடு ஒட்டியிருந்த மீத்தாக்ஸி என்ற சிறு தொகுதிகள் பெருமளவு உதிர்ந்துபோயின. அதனால் நிலக்கரிப் புகையில் வெறும் ஃபீனாலும் கிரெசாலும் மிகுந்து மருந்து நெடி தூக்கலாக வருகிறது. பச்சை மரத்தின் லிக்னினில் அந்தத் தொகுதிகள் அப்படியே இருப்பதால் குவையகால் மிகுந்து, இனிப்புக் கலந்த புகைமணம் வருகிறது. ஒரு மரத்தின் வயதையே மூக்கு இப்படிப் பிரித்தறிகிறது.

புகை ஒரு பங்குதான். வெந்த சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிவதால் கருகிய வெல்ல வாசம் வருகிறது. செடியின் சொந்த டெர்பீன்கள் பூவும் பச்சிலையும் கலந்த மணத்தைத் தருகின்றன. நசுக்கிய தண்டு மரத்தொட்டியில் ஊறலாகக் கிடக்கும்போது, காற்றிலும் தொட்டியிலும் உள்ள காட்டு ஈஸ்ட்டுகள் பழவாசனை தரும் எஸ்டர்களை உண்டாக்குகின்றன. செம்பு வாலையில் வடித்தால் கந்தக நெடி குறைகிறது. மண்பானையில் வடித்தால் சுவை வேறாகிறது. 2016இன் மெக்சிகோ தர விதி மெஸ்காலை மூன்றாக வகுக்கிறது: சாதா மெஸ்கால், கைவினை மெஸ்கால், மூதாதையர் முறை மெஸ்கால். மூன்றாவது வகைக்கு மண்பானை வாலை கட்டாயம்.

இவ்வளவு காரணங்கள் இருப்பதால் ஒப்பிட்டுச் சுவைப்பதற்கு ஒரு சோதனை ஒழுங்கு வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை மாறாமல் வைக்க வேண்டும். ஒரே ஊரில், ஒரே கையால், எஸ்பதீன் இனத்தில் செய்ததையும் தொபலா இனத்தில் செய்ததையும் அருகருகே வைத்தால் தெரிவது செடியின் வேறுபாடு. ஒரே எஸ்பதீனைச் செம்பிலும் மண்பானையிலும் வடித்ததை வைத்தால் தெரிவது வாலையின் வேறுபாடு. மெஸ்காலோடு, அகேவ் மதுக்களான சோனோரா மாநிலத்து பகனோராவையும், ஹலிஸ்கோ மாநிலத்து ரைசியாவையும் வைத்தால் நிலமும் செடியும் சேர்ந்து பேசுகின்றன. சோட்டோல் என்ற பானத்தையும் இந்த வரிசையில் வைப்பதுண்டு. அது அகேவ் அல்லாத வேறொரு பாலைச்செடியிலிருந்து வருவது.

சில சொட்டு நீர் விட்டால் புகை தூக்கலாகத் தெரியும் என்று சுவைஞர்கள் சொல்வதற்கும் அறிவியல் விளக்கம் உண்டு. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தின் இரு ஆய்வாளர்கள் விஸ்கியை வைத்து 2017இல் கணினி வழியே இதைக் காட்டினார்கள். ஆல்கஹால் மிகுந்திருக்கும்போது குவையகால் மூலக்கூறுகளை ஆல்கஹால் சூழ்ந்து உள்ளே பிடித்து வைக்கிறது. 45 சதவீதம் அளவுக்கு அது குறைந்ததும் குவையகால் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. மூக்குக்கு எட்டுவது மேற்பரப்பில் இருப்பதுதான்.

வஹாக்கா வடிப்பவர்களிடம் இன்னொரு பழைய சோதனை உண்டு. நாணல் குழாயில் மெஸ்காலை உறிஞ்சி ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றுவார்கள். மேலே எழும் குமிழிகளை அவர்கள் முத்துகள் என்கிறார்கள். முத்துகள் உடையாமல் நின்றால் ஆல்கஹால் அளவு சரி என்று முடிவு செய்கிறார்கள். 2020இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இந்தக் கைக்கணக்கைச் சோதித்து, சரிதான் என்றது. ஆல்கஹால் 50 சதவீதத்தை ஒட்டியிருக்கும்போது குமிழிகள் மிக நீண்ட நேரம் நிலைக்கின்றன. நீரும் ஆல்கஹாலும் அந்த விகிதத்தில் கலக்கும்போது கலவை இரண்டையும்விடப் பாகாக இருப்பது ஒரு காரணம். கற்றாழையிலிருந்து வந்த பரப்புவினைப் பொருள்கள் குமிழியின் தோலிலிருந்து நீர் வடிவதைத் தடுப்பது இன்னொரு காரணம். கருவி ஏதும் இல்லாத தலைமுறைகள் கண்ணால் அளந்ததைப் பாய்ம இயற்பியல் உறுதி செய்திருக்கிறது.

நம் வட்டாரத்துக்கு மெத்தனாலைப் பற்றிய தெளிவு மிக அவசியம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது சாராயத்தில் கலந்த ஆலை மெத்தனால். கற்றாழையிலும் பெக்டின் உண்டு. அது சிதைந்து கொஞ்சம் மெத்தனால் தரும். அதனால்தான் மெக்சிகோ விதி, தூய ஆல்கஹால் 100 மில்லிக்கு 300 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்து ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்கிறது. குமிழி பார்த்தோ நாக்கில் வைத்தோ மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது. வேலியோரக் கற்றாழையை வெட்டி வீட்டில் முயல நினைப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. அதன் பச்சைச் சாறே தோலில் எரிச்சலூட்டும். ஊசி வடிவ ஆக்சலேட் படிகங்கள் அதில் நிறைய உள்ளன.

முறைப்படி இந்தியாவிலும் இதைச் செய்திருக்கிறார்கள். டெஸ்மண்ட் நாசரேத் தக்காணப் பீடபூமியில் தானாக வளரும் ஆனைக் கற்றாழையைக் கொண்டு, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் வடித்து, ‘டெஸ்மண்ட்ஜி’ என்ற பெயரில் 2011இல் வெளிக்கொண்டு வந்தார். டெக்கிலா, மெஸ்கால் என்ற பெயர்கள் மெக்சிகோவின் குறிப்பிட்ட நிலப்பகுதிகளுக்கே உரியவை என்பதால், இங்கே அது அகேவ் மது மட்டுமே. வேறு இனம், வேறு மண், வேறு மழை என்பதால் அதைத் தனிச்சுவையாக மதிப்பதே நியாயம்.

எல்லாச் சுவைக்கும் அடியில் இருப்பது காலம். எஸ்பதீன் முதிர ஏழெட்டு ஆண்டு. தெபெஸ்தாத்தே இனத்துக்கு 25 ஆண்டு வரை ஆகலாம். பூக்குமுன் வெட்டப்படும் ஒவ்வொரு செடியும் விதை தராமலே போகிறது. அகேவ் பூந்தேனை நம்பி வலசை போகும் நீண்ட மூக்கு வௌவால்களுக்கும் உணவு போகிறது. மெக்சிகோவின் வௌவால் ஆய்வாளர் ரொட்ரிகோ மெடெயின் முன்னின்று நடத்தும் ஒரு திட்டம், தோட்டத்தில் 5 சதவீதச் செடிகளையாவது பூக்கவிடும்படி உற்பத்தியாளர்களைக் கேட்கிறது. அப்படிச் செய்தவர்களின் புட்டிகளுக்குத் தனி முத்திரை உண்டு. நல்ல மெஸ்கால் புட்டியில் செடியின் இனம், ஊர், வடித்தவர் பெயர், வாலையின் வகை எல்லாம் எழுதியிருக்கும். அவற்றைப் படித்துவிட்டு, எத்தனை செடிகள் பூக்க விடப்பட்டன என்றும் கேட்பவரே சுவையறிந்தவர். அடுத்த 25 ஆண்டு கழித்துக் குடிப்பவருக்கு அந்தச் சுவை மிஞ்சுமா என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.