எங்கட எம்.பி. யார்?

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் 'பாதை' எனும் மிதவையில் மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் ஒருவரிடம் 'உங்கட எம்.பி. யார்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெயர்தான் சொல்வார். சட்டப்படி அவர் ஐந்து பெயர் சொல்ல வேண்டும்.

மட்டக்களப்புத் தேர்தல் மாவட்டத்துக்கு ஐந்து ஆசனங்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருந்தாலும் மேற்கே படுவான்கரையில் இருந்தாலும் அந்த ஐவரும் உங்களுக்குரியவர்களே. கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்ற பழைய மூன்று தொகுதிகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் வாக்கை எண்ணி முடிவை அறிவிப்பதோடு அவற்றின் வேலை சரி.

முன்பு அப்படியில்லை. ஒவ்வொரு தொகுதியும் தன் ஆளைத் தானே அனுப்பியது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் மட்டக்களப்புத் தொகுதிக்கு மட்டும் 1960 முதல் இரண்டு உறுப்பினர்கள். இரு சமூகத்துக்கும் இடம் கிடைக்கட்டும் என்பது எண்ணம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. அந்த முறையில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது 1989இல்தான்.

கணக்கைப் பார்ப்போம். 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் இங்கே தமிழ் அரசுக் கட்சிக்கு ஏறத்தாழ 97 ஆயிரம் வாக்கு, தேசிய மக்கள் சக்திக்கு 55 ஆயிரம், முஸ்லிம் காங்கிரசுக்கு 40 ஆயிரம், பிள்ளையானின் கட்சிக்கு 31 ஆயிரம். முதலில் வந்த கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று. செல்லுபடியான வாக்கில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறைவாக எடுத்தவர்களைக் கழித்துவிட்டு, எஞ்சிய வாக்கை மிச்சமுள்ள நான்கு ஆசனங்களால் வகுக்க வேண்டும். அந்த ஈவை முழுசாகத் தாண்டியது தமிழ் அரசுக் கட்சி மட்டுமே, இன்னொரு ஆசனம். மற்ற மூன்றும் மீதி வாக்கின் வரிசைப்படி போயின. தமிழ் அரசுக் கட்சியின் மீதியே பிள்ளையானின் மொத்த வாக்கைவிடப் பெரிது. ஆக, மூன்று, ஒன்று, ஒன்று. அந்தத் தேர்தலில் நாடு முழுக்க அலையடித்த தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் இதுதான்.

இந்த ஐந்து வீத எல்லை ஒருகாலத்தில் பன்னிரண்டரை வீதமாக இருந்தது. 1988இல் குறைத்தார்கள். இல்லாவிட்டால் சிறிய கட்சிகள் பல இங்கே வாசலிலேயே நின்றிருக்கும்.

கட்சிக்கு ஆசனம் கிடைத்தபின் ஆள் யார்? அதுதான் விருப்பு வாக்கு. ஒரு பட்டியலில் எட்டுப் பேர். வாக்காளர் மூவருக்குப் புள்ளடி இடலாம். உண்மையான சண்டை இங்கேதான், அதுவும் ஒரே கட்சிக்குள். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்ற மூன்று முஸ்லிம் ஊர்களின் ஆட்களும் ஒரு பட்டியலில் நின்றால், தன் ஊராருக்கே மொத்தமாகப் புள்ளடி இடும் ஊர் வெல்லும். 2024இல் முஸ்லிம் காங்கிரஸ் பட்டியலிலிருந்து போனவர் காத்தான்குடி ஹிஸ்புல்லாஹ். நகரை ஒட்டிய சின்ன ஊருக்கு இது வசதி. படுவான்கரையில் சிதறிக் கிடக்கும் வயற்கிராமங்களுக்கு அவ்வளவு வசதியில்லை என்பது என் எண்ணம்.

இடையில் ஆசனம் வெறுமையானால்? இடைத்தேர்தல் கிடையாது. முஸ்லிம் காங்கிரஸ் தன் மட்டக்களப்பு உறுப்பினர் நசீர் அஹமட்டைக் கட்சியிலிருந்து நீக்கியது செல்லும் என்று 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்த்தபோது, அவருடைய ஆசனமும் போயிற்று. அதே பட்டியலில் அடுத்து இருந்த அலி சாஹிர் மௌலானா அதே மாதம் சத்தியப்பிரமாணம் செய்தார். வாவியின் இரு கரையிலும் ஒருவரும் வாக்குச்சாவடிக்குப் போகவில்லை.